சின்னக் காபி

லேவ்ஹம்மரில் எந்த வீட்டிலும் கண்ணாடிக் கோப்பைகளை ஒன்றோடொன்று ஒட்ட அடுக்க மாட்டார்கள். இடையில் ஒரு துணித்துண்டாவது இருக்கும். வாழ வந்த புதுப்பெண் தெரியாமல் ஒட்டி அடுக்கினால் மாமியார் வாயைத் திறப்பதில்லை. மறுநாள் காலை முதல் வெடி அதைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஏரிக்கு மேற்கே, காட்டை வெட்டித் திறந்த பொட்டலில், தொழிற்சாலை தன் பெரிய பீரங்கிகளைச் சுட்டுப் பார்த்தது. முதலில் சங்கு ஊதும். சங்கு அடங்கி ஒருவன் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் வெடி. சாவு வீட்டு ஜெபத்தின் நடுவில் சங்கு ஊதினால் பாதிரியார் நிறுத்துவார். வெடித்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். ஸ்வீடனில் கார்கள் இன்னும் சாலையின் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த ஊரில் வெடிச்சத்தத்துக்கு யாரும் பயந்ததில்லை. சங்கு ஊதி வெடி வராமல் போனால்தான் பயந்தார்கள்.

அதற்கென்று ஒரு வழக்கம் தையல் கொட்டகையில் இருந்தது. பீரங்கிக்குள் குண்டுக்குப் பின்னால் போகும் வெடிமருந்தைப் பையில் கட்டித்தான் வைக்க வேண்டும். அந்தப் பைகளைப் பெண்கள் தைத்தார்கள். எரிந்தால் மிச்சம் விடக் கூடாது என்பதால் துணி பட்டு. தங்கள் கல்யாணத்துக்குக்கூடப் பட்டு உடுத்தாத பெண்கள் பீரங்கிக்குப் பட்டில் தைத்தார்கள். கேட்டால், "அது மாப்பிள்ளை, நாங்க சும்மா சொந்தக்காரங்க" என்று சிரிப்பார்கள். சங்கு ஊதி வெடி வரவில்லையென்றால் அத்தனை பேரும் ஊசியைத் துணியிலிருந்து தூக்கிவிட்டு, இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்து, பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வெடித்த பிறகுதான், அல்லது ஆபத்து நீங்கியது என்று இரட்டைச் சங்கு ஊதிய பிறகுதான், ஊசி மறுபடி இறங்கும். அதற்குமுன் ஒரு தையல் விழுந்தாலும் அங்கே பொட்டலில் யார் உடம்பிலோ விழும் என்று நம்பினார்கள். தேவாலயத்தில் நம்பாததை எல்லாம் கொட்டகையில் நம்பினார்கள்.

மாய் அந்தக் கொட்டகையில் பதினாறு வயதிலிருந்து தைக்கிறவள். அவள் கணவன் எவர்ட், அங்கே பொட்டலில் பீரங்கிக்கு மருந்தேற்றிக் கயிற்றை இழுத்துச் சுடுகிறவன். சுடாமல் போனால் போய்ப் பின்கதவைத் திறக்கிறவனும் அவன்தான்.

திறப்பது பெரிய வேலை இல்லை. எப்போது திறப்பது என்பதுதான் வேலை. கயிற்றை இழுத்தால் முதலில் கேப்பு வெடிக்கும். பொம்மைத் துப்பாக்கிக் கேப்பின் அண்ணன், அவ்வளவுதான். அது கரிமருந்தைப் பற்றவைக்கும். கரிமருந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கும். பெரிய மருந்து குண்டைத் தள்ளும். சுடவில்லை என்றால் கேள்வி ஒன்றே ஒன்று: கேப்பு வெடித்ததா, இல்லையா? கேப்பே வெடிக்கவில்லை என்றால் உள்ளே நெருப்பு இல்லை. கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுப் போய்த் திறந்து புதுக் கேப்பு மாட்டலாம். அந்தக் கொஞ்சநேரத்துக்குச் சுடுகிறவர்கள் வைத்த பெயர் சின்னக் காபி. கேப்பு வெடித்தும் சுடவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒரு மூலையில் நெருப்பு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் பிடிக்கும். அந்த நேரம் பின்கதவு திறந்திருந்தால் நெருப்பு திறந்தவன்மேல்தான் பாயும். அதற்குப் பெரிய காபி, அதாவது ஒரு கெண்டி முழுக்கக் குடித்துத் தீர்க்கிற காத்திருப்பு. அந்தக் கேப்புச் சத்தம் கேட்கிற தூரத்தில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்பவன் எவர்ட் ஒருவன்தான். அவன் ஒரு கையை உயர்த்தினால் கேட்டது. இரு கைகளையும் குறுக்கே வைத்தால் கேட்கவில்லை. தூரத்தில் காங்கிரீட் அறைக்குள் இருக்கும் இன்ஜினியர் அந்தக் கையைப் பார்த்துத்தான் காபியைத் தீர்மானிப்பார்.

அந்த எவர்ட்டுக்குத்தான் காது போய்க்கொண்டிருந்தது.

மாய்க்கு மட்டும் தெரியும் என்று மாய் நினைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாகப் பீரங்கிப் பக்கத்தில் நின்ற காது. போகாமல் என்ன செய்யும்? முதலில் குருவிகள் போயின. பிறகு கடிகாரம் போயிற்று. அப்புறம் மாயின் குரல், அவள் எதிரில் நின்று வாயசைத்தால் ஒழிய, போயிற்று. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஆமாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே ஒரு இழு இழுத்தால் ஆமாம். அந்த ஒரு மூச்சை வைத்துக்கொண்டு எவர்ட் ஊரையே ஓட்டினான். எதைச் சொன்னாலும் மூச்சை இழுப்பான். எல்லாரும் சிரித்தால் சிரிப்பான். விருந்தில் கேள்வி வந்தால் மாய் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். புருஷனைப் பேசவிடாதவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது. வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

வீட்டில் அவன் வெடியைக் கேட்பதில்லை, பார்ப்பான். காபியைச் சாசரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, சாசரின் விளிம்பில் ஒரு விரலை வைத்து உட்கார்ந்திருப்பான். காபியில் வளையம் ஓடும். "சுட்டாச்சு" என்பான். குழந்தை மாதிரி அதில் அவனுக்கு ஒரு பெருமை.

அந்தப் புதன்கிழமை மாலை, மறுநாள் சூப்புக்குப் பட்டாணி ஊறப் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவன் மேலுதட்டுக்குள் புகையிலைப் பொடி அதக்கிக்கொண்டிருந்தான். தலையணை உறையெல்லாம் பொடிக் கறை என்று அவள் திட்டாத வாரம் கிடையாது. அன்றைக்கு அதைப் பற்றிப் பேசவில்லை.

"நாளைக்கு என்ன சுடுறீங்க?"

"குளிர் மருந்து. லுண்ட்மார்க்கோட புதுக் குழாய்" என்றான்.

லுண்ட்மார்க் தலைநகரிலிருந்து வந்திருந்த இளம் இன்ஜினியர். மருந்துப் பையின் ஒரு முனையில் மட்டும் நெருப்பு வைத்தால் அழுத்தம் அலையாகக் குழலுக்குள் முன்னும் பின்னும் ஓடிப் பீரங்கியையே பிளக்கும். அதனால் கரிமருந்தை நீளக் குழாயில் அடைத்து, பை முழுவதும் ஒரே நேரத்தில் பற்ற வைக்கப் பார்த்தார். கடுங்குளிரில் அது எப்படிப் பிடிக்கிறது என்று அறிய மருந்தை நாள்கணக்கில் குளிர் அறையில் போட்டு வைத்திருந்தார்கள். வெளியே மூச்சு உறைகிற ஊரில் குளிருக்கென்று தனியாக ஒரு அறை கட்டியதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது.

"குளிர்ல மருந்து மக்கர் பண்ணும்னு நீதான் சொல்லுவ."

அவன் மூச்சை இழுத்தான்.

"கேப்பு சத்தம் உனக்குக் கேக்குமா, எவர்ட்?"

அவன் அவள் வாயைப் பார்த்தான். புரிந்தது. புரிந்ததும் பார்வையைப் பட்டாணிச் சட்டிக்குத் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்துபோய்ச் சட்டிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"கேக்கும்" என்றான். "கால்ல கேக்கும். தரை சொல்லும்."

"பீரங்கி வெடிச்சா தரை சொல்லும். கேப்பு வெடிச்சா சொல்லுமா?"

"இத்தன வருஷத்துல ஒரு தடவை தப்பா சொல்லியிருக்கேனா?"

"ஒரு தடவை போதும்."

"சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? குண்டுப் பெட்டிக்கு ஆணி அடிக்க அனுப்புவாங்க. அங்க இருக்கானே கிழவன் ஸிக்ஸ்டன், கை நடுங்குதுன்னு அனுப்பினாங்க. மத்தியானம் சாப்பிட வரும்போது என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான். நான் சுடுறவன், மாய். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அவன் அதைக் கேட்டானா, படித்தானா, தெரியாது. மூச்சை உள்ளே இழுத்தான். ஆமாம் என்றால் ஆமாம். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை. அவள் விளக்கைக் குறைத்துவிட்டுப் படுக்கப் போனாள். சொல்லியிருக்க வேண்டும் என்றால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எந்த மனைவி தன் புருஷனைச் செவிடன் என்று ஊருக்குச் சொல்வாள்? அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வானம் தெளிந்து, குளிர் பல்லைக் காட்டியது. மாய் விறகடுப்பில் பட்டாணியைப் பன்றியிறைச்சியோடு ஏற்றி, தணலைச் சாம்பலால் மூடிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். காலையில் மூன்று முறை சங்கு ஊதியது. மூன்று முறையும் வெடித்தது. பெண்கள், வியாழக்கிழமைச் சூப்புக்குப் பின் வழக்கமாகச் செய்யும் பான்கேக்குக்கு யார் வீட்டில் என்ன ஜாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது சங்கு அடங்கியது. வெடி வரவில்லை.

ஊசிகள் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டன. கைகள் மேஜைமேல் விரிந்தன. ஜன்னல் கண்ணாடியில் பனிப்பூ படிந்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாய் தன் கைகளைப் பார்த்தாள். நான் தைத்த பையா, வேறு யார் தைத்ததா என்று ஒரு நினைப்பு ஓடியது. அதைத் தள்ளிவிட்டு மற்றது வந்தது. அவன் இப்போது சுவருக்குப் பின்னால் நிற்பான். காங்கிரீட் அறையிலிருந்து லுண்ட்மார்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். கேட்டதா என்று. எவர்ட்டுக்குக் கேட்டிருக்காது. கேப்பு வெடித்திருந்தாலும் கேட்டிருக்காது, வெடிக்காவிட்டாலும் கேட்டிருக்காது. கையைக் குறுக்கே வைப்பான். சின்னக் காபி.

அவள் எழுந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது. சங்குக்கும் வெடிக்கும் நடுவில் அந்தக் கொட்டகையில் யாரும் எழுந்தது கிடையாது. பெண்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார்கள். கொட்டகையை மேற்பார்க்கிற தோரா, வாயில் விரல் வைத்துக்கொண்டே எதிரில் வந்தாள்.

"உக்காரு மாய்."

"ஃபோன் பண்ணணும், தோராக்கா. பொட்டலுக்கு."

"சுடுற நேரத்துல அந்த ஒயரப் புடுங்கி வெச்சிருப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? மணி அடிச்சா கருவியெல்லாம் கெட்டுப்போகுமாம். வாசல் காவல்காரன்கிட்டதான் நேரடிக் கம்பி இருக்கு."

மாய் கோட்டைத் தேடவில்லை. கொட்டகை வாசலில் யாருடையதோ உதைவண்டி நின்றது. முன்னால் ஒரு நாற்காலி, பின்னால் இரண்டு நீளச் சறுக்குக் கம்பி, அந்த ஊர்ப் பெண்கள் கடைக்குப் போகிற வண்டி. ஒரு கம்பியில் காலை ஊன்றி மற்றக் காலால் பனியை உதைத்து உதைத்து ஓட்டினாள். சரிவில் வண்டி தானாக ஓடியது. மேட்டில் இறங்கித் தள்ளினாள். மூச்சு மார்புக்குள் கத்தி போல இறங்கியது. வழியில் ஒரே வேண்டுதல்தான்: இரட்டைச் சங்கு ஊதட்டும், அல்லது நான் போய்ச் சேரும்வரை காபி தீராமல் இருக்கட்டும்.

வாசல் தடுப்பு மேட்டின்மேல் இருந்தது. ஒரு மரக் குடிசை, உயரக் கம்பத்தில் சிவப்புக் கொடி. கொடி ஏறியிருந்தால் உள்ளே சுடுகிறார்கள் என்று அர்த்தம். காவல்காரன் ஹோல்கர், தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபடி வெளியே நின்றான். கீழே வெள்ளைப் பொட்டலில் பீரங்கி கறுப்பாகத் தெரிந்தது. அதற்குப் பக்கவாட்டில் தடுப்புச் சுவர்.

"என்ன காட்டினான்?" என்று கேட்டாள். வேறு பேச்சு வரவில்லை.

"கைய குறுக்க வெச்சுட்டான். சின்னக் காபிதான். நீ ஏன் கோட்டில்லாம வந்து நிக்கிற?"

"அவனுக்குக் காது கேக்காது, ஹோல்கர்."

வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள். ஹோல்கர் தொலைநோக்கியை மெதுவாக இறக்கினான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும், மாய். குண்டு தூக்குறவங்களுக்குத் தெரியும். கேன்டீன்காரிக்குத் தெரியும். அவன் மூச்ச இழுக்குறதுலயே தெரியாதா? லுண்ட்மார்க்குக்குத்தான் தெரியாது. அவர் வந்து ஒரு குளிர்காலம்கூட ஆகல."

"தெரிஞ்சும் ஏன் யாரும் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தோம்."

மாய் அவனை அடிக்கப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். கை பாதியில் நின்றுவிட்டது. தன்னைத்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ஹோல்கர் குடிசைக்குள் ஓடி நேரடிக் கம்பியைச் சுழற்றினான். அவன் சொல்வதை அவள் வாசலில் நின்று கேட்டாள்: இன்ஜினியர் மன்னிக்கணும், எவர்ட் கேக்கலன்னு சொன்னத நம்பக் கூடாது, அவனுக்கு எதுவுமே கேக்காது, ஆமா, எதுவுமே.

கீழே தடுப்புச் சுவருக்குப் பின்னாலிருந்து எவர்ட் வெளியே வந்தான். சின்னக் காபி முடிந்துவிட்டது. பீரங்கியை நோக்கி, அவசரமில்லாமல், பனியில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான். அவனுடைய நடையை அவள் எந்தத் தூரத்திலும் அறிவாள்.

அப்போது சங்கு ஊதியது. நீளமாக, விடாமல். திரும்பு என்கிற சங்கு அது. லுண்ட்மார்க் உடனே ஊதிவிட்டார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏரிக்கு அப்பால் ஊர்வரை கேட்டது. காட்டில் காக்கைகள் கிளம்பின. கொட்டகையில் பெண்கள் எழுந்து நின்றார்களாம்.

எவர்ட் நடந்துகொண்டிருந்தான்.

"ஊதறாரு, ஊதறாரு" என்றான் ஹோல்கர், அவளுக்குக் கேட்கவில்லை என்பது போல. மாய் எவர்ட்டிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குக் காது இல்லை என்று சொல்ல ஓடி வந்தாள், சொன்னாள், கேட்டவர்கள் அதற்குச் சங்கை ஊதுகிறார்கள். லுண்ட்மார்க்கால் வேறு என்ன செய்ய முடியும்? போய்க் கையைப் பிடித்து இழுக்க யாரையும் அந்தப் பொட்டலில் இறக்க விதி இல்லை. காங்கிரீட் அறையின் இரும்புக் கதவு திறந்து ஒருவன் இரு கைகளையும் வீசினான். எவர்ட்டின் முதுகு அவனுக்கு எதிரே இருந்தது.

"கண்ணு இருக்கு" என்றாள் மாய். "அவனுக்குக் கண்ணு இருக்கு. கொடிய இறக்கு."

பின்கதவைத் தொடுமுன் மேட்டைத் திரும்பிப் பார்த்துக் கொடி இருக்கிறதா என்று உறுதி செய்வது சுடுகிறவர்களின் பழக்கம். கொடி இறங்கினால் எல்லாம் நிற்க வேண்டும். ஹோல்கர் கயிற்றை அவிழ்த்து இழுத்தான். கயிறு வரவில்லை. மேலே உருளையில் பனி கட்டிக் கயிறு கம்பத்தோடு கம்பமாக உறைந்து கிடந்தது. மாயும் பிடித்தாள். இருவரும் தொங்கினார்கள். கையுறை இல்லாத அவள் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. கொடி உச்சியில் அசையாமல் நின்றது.

எவர்ட் நின்றான். பின்கதவுக்குப் பக்கவாட்டில், சில அடி தள்ளி, எப்போதும் நிற்கிற இடத்தில். மேட்டைத் திரும்பிப் பார்த்தான். கொடி இருந்தது. கொடிக்கம்பத்தின் அடியில் கைவீசுகிற இரண்டு புள்ளிகளை அவன் பார்த்தானா என்று பிறகு கேட்டபோது, சூரியன் கண்ணில் அடித்தது என்றான். கையுறையைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்தான். கதவைத் திறக்குமுன் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்ளாமல் அவன் ஒருநாளும் திறந்தது இல்லை. டப்பாவின் மூடி குளிரில் இறுகியிருக்க வேண்டும். தலையைக் குனிந்து நகத்தால் நெம்பினான்.

பீரங்கி சுட்டது.

கொட்டகையில் கண்ணாடி அதிர்ந்தது. பொட்டலில் வெண்பனி எழுந்து எல்லாவற்றையும் மூடியது. மாய் கயிற்றை விடாமல் நின்றாள். அந்தப் பனி அடங்குகிற நேரத்தில் அவள் கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அடங்கியபோது அவன் பனியில் உட்கார்ந்திருந்தான். தொப்பி போயிருந்தது. டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவனை யாரும் காப்பாற்றவில்லை. மாய் சொன்ன உண்மையும் இல்லை, சங்கும் இல்லை, கொடியும் இல்லை. ஒரு டப்பா மூடி காப்பாற்றியது.

இரட்டைச் சங்கு ஊதிய பிறகு எல்லாரும் மேட்டுக்கு வந்தார்கள். முன்னால் எவர்ட், பின்னால் குண்டு தூக்குகிறவர்கள், கடைசியில் வெளுத்த முகத்தோடு லுண்ட்மார்க். எவர்ட், கோட்டில்லாமல் தையல் ஏப்ரனோடு நிற்கும் மனைவியைப் பார்த்தான். அவள் கையில் ரத்தத்தைப் பார்த்தான். கொடிக்கயிற்றைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது.

"என்ன சொன்ன?" என்று கேட்டான். தன் குரலின் அளவு தெரியாமல் மிக உரக்கக் கேட்டான்.

அவள் வழக்கம்போல மெதுவாக வாயசைத்தாள். உதடு குளிரில் மரத்திருந்தது. அவனால் படிக்க முடியவில்லை.

"சத்தமா சொல்லு."

அத்தனை பேர் நின்றார்கள். அத்தனை வருஷம் அவனுக்காக முந்திக்கொண்டு மென்மையாகப் பதில் சொன்னவள், எல்லாருக்கும் நடுவில் தொண்டை கிழியக் கத்தினாள்.

"உனக்குக் காது கேக்காதுன்னு சொன்னேன்."

எல்லாரும் அவரவர் பூட்சைப் பார்த்தார்கள். எவர்ட் மூச்சை உள்ளே இழுக்கவில்லை. லுண்ட்மார்க் பக்கம் திரும்பினான். இன்ஜினியரிடம் பேசும்போது தொப்பியைக் கழற்றுவது வழக்கம். தலையில் தொப்பி இல்லாததால் கை அங்கே போய் வெறுமனே திரும்பியது.

"கேப்பு சத்தம் கேட்டுச்சான்னுதானே இன்ஜினியர் கேட்டாரு?" என்றான். "கேக்கலன்னு கை காட்டினேன். நான் பொய் சொல்லல. எனக்குக் கேக்கல."

லுண்ட்மார்க் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் கண் கலங்கியிருந்தது. எவர்ட்டுக்கு அது போய்ச் சேரவில்லை. மாய் எடுத்துச் சொல்லவும் இல்லை. இனி அவனுக்காக எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய வெறுமை என்று அந்த மேட்டில் நின்றபோது அவளுக்குத் தெரிந்தது.

எவர்ட் அவளை உதைவண்டியின் நாற்காலியில் உட்கார வைத்தான். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். பின்னால் நின்று உதைத்து ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தான். வழியில் அவள் இரண்டு முறை பேசினாள். முதுகு காட்டிக்கொண்டு பேசிய பேச்சு அவனை எட்டாது என்று தெரிந்துதான் பேசினாள். மன்னிச்சிடு என்றாள். அப்புறம், உன்னை மன்னிக்க மாட்டேன் என்றாள்.

வீட்டில் சூப்பு அடிப்பிடித்திருந்தது. மேலாக வழித்துக் கடுகு வைத்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். காபி போட்டாள். அவன் சாசரில் ஊற்றிக்கொண்டு, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, விளிம்பில் விரலை வைத்தான்.

லுண்ட்மார்க் அன்றைய சோதனையை நிறுத்திவிட்டார் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. மாய் எதிரில் உட்கார்ந்து, துணி சுற்றிய கைகளை மேஜைமேல் விரித்து வைத்தாள். காபி ஆறி ஆடை படிந்தது. அதில் வளையம் ஓடவில்லை. அவன் விரலை எடுக்காமல் காத்துக்கொண்டே இருந்தான்.